வீட்டுத் திரையரங்கு: 5.2 மீட்டர் நீளக் கராஜ் அறைக்கு எந்தப் புரொஜெக்டர் பொருந்தும்?

சாட்ஸ்வொர்த் வாசி:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். எங்கள் வீட்டுக் கராஜில் இப்போது கார் நிற்பதில்லை. சீலிங் போட்டு, தரைக்கு ஓடு பதித்து, அதை ஓர் அறையாக மாற்றிவிட்டோம். நீளம் 5.2 மீட்டர், அகலம் 3.4 மீட்டர், உயரம் 2.4 மீட்டர். நீண்ட சுவர் ஒன்றில் வடக்குப் பார்த்த சன்னல் இருக்கிறது. வார இறுதியில் குடும்பத்தோடு படம் பார்க்கப் புரொஜெக்டர் வைக்கலாம் என்று எண்ணுகிறோம். கடைக்காரர் 120 அங்குலத் திரையையும் தம்மிடம் உள்ள புரொஜெக்டரையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். இணையத்திலோ 9000 லூமென் (ஒளியின் அளவு) என்று போட்ட ஒன்று அதில் கால்வாசி விலைக்குக் கிடைக்கிறது. சென்னையிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி அங்கிருந்து வாங்கி வரச் செய்யலாமா என்ற யோசனையும் உண்டு. விவரம் அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

லெனேசியா மேட்டுநிலம்:

தம்பி, எந்தப் புரொஜெக்டர் என்பதைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். எங்கே உட்காரப் போகிறீர்கள் என்பதிலிருந்து திரையின் அகலத்தையும், திரையின் அகலத்திலிருந்து லென்ஸ் நிற்க வேண்டிய இடத்தையும் கணக்கிட்டுவிட்டால், கடையில் உள்ள புரொஜெக்டர் பெட்டிகளில் முக்கால்வாசி தாமாகவே கழிந்துவிடும். கடைக்காரர் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்கிறார், ஏனென்றால் அவரிடம் இருப்பது பெட்டி, உங்களிடம் இருப்பது அறை.

கணக்கு எளிது. திரையின் அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. அகலத்துக்கும் உயரத்துக்கும் 16:9 விகிதத்தில் 100 அங்குலத் திரையின் அகலம் 221 செ.மீ., உயரம் 124.5 செ.மீ. 120 அங்குலம் என்றால் அகலம் 266 செ.மீ. உங்கள் சுவரின் அகலம் 340 செ.மீ. என்பதால், 120 அங்குலத் திரைக்கு இரு பக்கமும் 37 செ.மீ.தான் மிஞ்சும். அங்கே ஒலிபெருக்கி வைத்தால் அது பக்கச் சுவரோடு ஒட்டி நின்று சத்தத்தைக் கலங்கடிக்கும். 100 அங்குலத்தில் இரு பக்கமும் ஏறத்தாழ 60 செ.மீ. கிடைக்கிறது. அந்தத் திரையை 4.1 மீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் படம் கண்ணுக்கு 30 பாகை அகலமாகவும், 3 மீட்டரிலிருந்து பார்த்தால் 40 பாகையாகவும் தெரியும். இவ்விரண்டுக்கும் நடுவே, 3.3 மீட்டர் அளவில் சோபாவைப் போட்டால் திரையரங்கின் நடு வரிசையில் உட்கார்ந்த உணர்வு வரும். ஆகவே உங்கள் அறைக்கு 100 அங்குலம் போதும் என்பது என் கருத்து.

அடுத்தது எறிவு விகிதம். லென்ஸிலிருந்து திரைக்கு உள்ள தொலைவைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது அது. 1.2 முதல் 1.5 வரை என்று எழுதியிருக்கும் பெட்டியை உங்கள் திரைக்கு 2.65 முதல் 3.3 மீட்டருக்குள் வைத்தாக வேண்டும், அதாவது அது உங்கள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டு விசிறிச் சத்தம் போடும். விகிதம் 2.1 வரை போகும் லென்ஸ் என்றால் பின்சுவரில் ஒரு தட்டு அடித்து, 4.6 மீட்டரில் வைத்துவிடலாம். தலைக்கு மேல் எதுவும் தொங்காது, சீலிங்கைத் துளைக்க வேண்டியதும் இல்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: ஜூமின் நீண்ட முனையில், அதாவது தொலைவிலிருந்து எறியும் நிலையில், லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் குறையும். அந்த இழப்பையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பெட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

மெரிபேங்க் பெரியவர்:

இத்தனை கணக்கு எதற்கு என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. ஏனென்றால் 1976 ஜனவரியில் இந்த நாட்டில் தொலைக்காட்சி தொடங்குவதற்கு முன்பு, 16 மி.மீ. புரொஜெக்டரையும் படச்சுருளையும் வாடகைக்கு எடுத்து வந்து வீட்டில் படம் ஓட்டிய தலைமுறை எங்களுடையது. சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, இரண்டு ஆணி அடித்தால் திரை தயார். அன்று வேறு வழியில்லை. இன்று 75 அங்குலத் தொலைக்காட்சியைச் சுவரில் மாட்டினால் பகலிலும் பார்க்கலாம், விளக்கை அணைக்க வேண்டாம், விசிறி இரைச்சல் இல்லை, எச்.டி.ஆர். (ஒளிக்கும் இருளுக்கும் வேறுபாடு கூடிய) படங்களின் பளபளப்பும் புரொஜெக்டரில் வருவதைவிடப் பல மடங்கு நன்றாக இருக்கும். வடக்குச் சன்னல் உள்ள அறை என்று தம்பியே சொல்கிறார். இந்தியாவிலிருந்து வரும் குறிப்புகளில் தெற்குச் சன்னலை மூடச் சொல்வார்கள். நமக்குச் சூரியன் வடக்குப் பக்கம்தான் சாய்ந்து போகிறது. குளிர்காலத்தில் பகல் முழுவதும் அந்தச் சன்னல் வழியே வெயில் உள்ளே வரும். அந்த அறையில் புரொஜெக்டர் வைப்பது வீண் செலவு.

லெனேசியா மேட்டுநிலம்:

ஐயா சொல்வதில் பாதி சரி. வெளிச்சமுள்ள அறையில், பகலில் கிரிக்கெட் பார்க்கத்தான் அதிகம் பயன்படும் என்றால் தொலைக்காட்சியே நல்லது, அதில் எனக்கு மறுப்பில்லை. புரொஜெக்டரால் கறுப்பை உண்டாக்க முடியாது. அணைந்த விளக்கில் அந்தத் திரை எவ்வளவு இருட்டாகத் தெரிகிறதோ அதற்கு மேல் இருட்டு வராது. அதனால்தான் வெளிச்சம் வாங்குவதற்கு முன் இருட்டை வாங்குங்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன். ஆனால் தம்பி கேட்பது வார இறுதி இரவுகளில் படம் பார்க்க. அதற்கு ஒரு சன்னலை மூடுவது பெரிய காரியமல்ல. ப்ளாக்-அவுட் திரைச்சீலையை சன்னல் சட்டத்தைவிட ஒவ்வொரு பக்கமும் 15 செ.மீ. அகலமாகத் தைத்து, மேலே பெல்மெட் (கம்பியை மறைக்கும் பலகை) வைத்து மூடினால் போதும். அதைவிடப் பலர் கவனிக்காதது வெள்ளைச் சீலிங். திரையில் விழுந்த ஒளி சீலிங்கில் பட்டு மீண்டும் திரைக்கே திரும்பி வந்து கறுப்பைச் சாம்பலாக்குகிறது. திரையை ஒட்டிய முதல் ஒரு மீட்டர் சீலிங்குக்கும் பக்கச் சுவர்களுக்கும் பளபளப்பில்லாத அடர்ந்த நிறம் அடித்துவிடுங்கள். ஒரு டின் வண்ணம் தரும் மாற்றத்தை விலையுயர்ந்த திரைகூடத் தராது.

பகலில் லென்ஸ் மூடியைப் போட்டு வைக்கவும் வேண்டும். நேர் வெயில் லென்ஸ் வழியே உள்ளே போனால் அது படத்தை உருவாக்கும் உள்ளிருக்கும் பலகத்தின் மீது குவிந்து பொசுக்கிவிடும்.

சாட்ஸ்வொர்த் வாசி:

மிக்க நன்றி அண்ணா. பெரியவருக்கும் நன்றி. நாங்கள் பகலில் அந்த அறையைப் பயன்படுத்துவதே இல்லை, ஆகவே புரொஜெக்டர்தான் என்று முடிவு செய்துவிட்டோம். ஆனால் அந்த 9000 லூமென் விவகாரம் இன்னும் புரியவில்லை. கடைக்காரர் காட்டியதில் 3000 என்றுதானே போட்டிருக்கிறது?

லெனேசியா மேட்டுநிலம்:

பெட்டியில் அச்சிட்ட எண்ணுக்கும் திரையில் விழும் ஒளிக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அன்சி லூமென் என்பது திரையை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் விழும் ஒளியை அளந்து, சராசரி எடுத்துச் சொல்வது. மலிவான லெட் பெட்டிகளில் போடும் எண்ணோ விளக்கிலிருந்து புறப்படும் ஒளியின் கணக்காக இருக்கலாம், அல்லது வெறும் கற்பனையாகவே இருக்கலாம். அளந்து பார்த்தவர்கள் சில நூறு லூமெனுக்கு மேல் காண்பதில்லை. கூடவே 4கே ஆதரவு என்று எழுதியிருக்கும். அதன் பொருள் 4கே கோப்பை வாங்கிக்கொள்ளும் என்பதுதான். உள்ளே இருக்கும் பலகம் 1280க்கு 720 புள்ளிகளாக இருக்கும். நேட்டிவ் என்ற சொல்லுக்கு எதிரே என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள்.

உண்மையில் உங்களுக்கு எவ்வளவு தேவை? டிஜிட்டல் திரையரங்குகளில் வைத்திருக்கும் திரைப் பிரகாசத்தின் அளவு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. உங்கள் 100 அங்குலத் திரையின் பரப்பு 2.75 சதுர மீட்டர். ஒளிப் பெருக்கம் 1.0 உள்ள, அதாவது ஒளியைக் கூட்டியும் குறைத்தும் காட்டாத, சாதாரண வெள்ளைத் திரையில் அந்த அளவுக்கு வர ஏறத்தாழ 420 லூமென் போதும். அப்படியானால் 3000 எதற்கு என்று கேட்பீர்கள். அந்த எண் டைனமிக் என்ற பயன்முறையில் வருவது, அதில் முகங்கள் எல்லாம் பச்சை பூத்திருக்கும். நிறம் ஒழுங்காக இருக்கும் சினிமா பயன்முறைக்கு மாறினால் ஏறத்தாழ பாதி போய்விடும். விளக்கைச் சிக்கன நிலையில் வைத்தால் இன்னொரு பங்கு குறையும். ஜூமின் நீண்ட முனையில் இன்னொரு பங்கு. விளக்குக்குக் குறிப்பிடும் ஆயுள் முடிவதற்குள் ஒளி பாதியாகும். இத்தனையும் போய் 420 மிஞ்ச வேண்டுமே, அதற்காகத்தான் 2500, 3000 என்று பார்க்கிறோம். 9000 உண்மையாக இருந்தால் இந்தச் சிறிய அறையில் கண் கூசும்.

டோங்காட் மின்பணியாளர்:

நான் மின்வேலை செய்பவன். படத்தின் தரம் பற்றிப் பேச எனக்குத் தெரியாது, ஆனால் யாரும் இதுவரை மின்சாரத்தைப் பற்றிப் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

விளக்கு வைத்த புரொஜெக்டரில் உள்ளே இருப்பது உயர் அழுத்தப் பாதரச ஆவி விளக்கு. அது எரியும்போது கடுமையாகச் சூடாகும். நாம் முறையாக அணைக்கும்போது விசிறி கொஞ்ச நேரம் ஓடி அதைக் குளிர்வித்துவிட்டுத்தான் நிற்கும். திடீரென்று மின்சாரம் போனால் விசிறியும் கூடவே நின்றுவிடுகிறது. புதிய பெட்டிகள் இதைத் தாங்கும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனாலும் அடிக்கடி நடந்தால் விளக்கின் ஆயுள் குறையும். 2023இல் லோட் ஷெடிங் (முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது) உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் பல முறை இப்படி ஆயிற்று. 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரிதும் தணிந்துவிட்டது. என்றாலும், கேபிள் திருட்டாலும் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாலும் மின்சாரம் போவது நம் பகுதிகளில் நிற்கவில்லை. ஒரு சிறிய யு.பி.எஸ். இருந்தால் மின்சாரம் போனதும் நிதானமாக அணைத்துவிடலாம். படம் முடியும் வரை ஓட வேண்டும் என்றால் கணக்கு வேறு. புரொஜெக்டர் 300 வாட், ஆம்ப்ளிஃபயரும் மற்றவையும் சேர்ந்து 100 வாட் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்கு 800 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் எழுதியிருப்பது 1200 வாட்-மணி. ஆனால் அதில் பாதிக்கு மேல் எடுத்தால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். அதே அளவுள்ள லித்தியம் பேட்டரி என்றால் தாராளமாகப் போதும். இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவ் (சுவர் மின்சாரத்தைப் போன்ற சீரான அலை தரும்) வகையாக இருக்க வேண்டும்.

மின்சாரம் போவதைவிடத் திரும்பி வருவதுதான் பொருட்களைக் கொல்கிறது. டி.பி. போர்டில் (வீட்டின் மின்பகிர்வுப் பலகையில்) திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் போடுங்கள், பிளக்கில் ஒரு சர்ஜ் புரொடெக்டரும் வையுங்கள். ஜொகன்னஸ்பர்க் மேட்டுநிலத்தில் கோடைப் பிற்பகல் இடி மின்னல் பற்றி லெனேசியாக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்னல் வந்தால் எந்தக் கருவியையும் நம்பாமல் பிளக்கைப் பிடுங்கி விடுவதுதான் வழி.

சென்னையில் வாங்கலாமா என்று கேட்டீர்கள். அங்கும் இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், ஓடும். அவர்கள் கொடுக்கும் சிறிய மூன்று முள் பிளக் நம் சுவரில் பொருந்தாது. அங்கே ஏ.சி.க்கும் கீஸருக்கும் வைக்கும் பெரிய முள்தான் நம் சாதாரண முள். வயரை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் வாரண்டியை மாற்ற முடியாது. பழுதானால் மீண்டும் விமானத்தில் அனுப்ப வேண்டும். இங்கேயே வாங்குவது நல்லது. தட்டுக்கு அருகே புதிய பிளக் பாயின்ட் வைப்பதாக இருந்தால் பதிவு பெற்ற மின்பணியாளரை வைத்துச் செய்து சி.ஓ.சி. சான்றிதழ் (மின்வேலை விதிப்படி உள்ளது என்பதற்கான சான்று) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை விற்கும்போதும் காப்பீடு கேட்கும்போதும் அது வேண்டும்.

மெரிபேங்க் பெரியவர்:

மின்பணியாளர் தம்பி சொன்னது அன்றைக்கும் பொருந்தியது. 16 மி.மீ. கருவியில் படம் முடிந்ததும் விளக்கை மட்டும் அணைத்து, மோட்டாரையும் விசிறியையும் ஓட விட்டு, விளக்கு மூடியைத் தொட்டுப் பார்த்துச் சூடு ஆறிய பிறகுதான் முழுவதும் நிறுத்துவோம். அந்தப் பழக்கம் இன்றும் தேவைப்படும் என்று நினைக்கவில்லை. லேசர் வந்துவிட்டதே, அதில் இந்தத் தொல்லை இல்லை அல்லவா? சுவருக்கு அருகே மேசை மேல் வைத்து மேலே எறியும் வகையைப் பார்த்தேன், அதுதான் சரி என்று படுகிறது.

லெனேசியா மேட்டுநிலம்:

லேசரில் விளக்கு மாற்றும் செலவு இல்லை, ஐயா. 20,000 மணி நேரத்தில் ஒளி பாதியாகும் என்று குறிப்பிடுகிறார்கள். தினம் 3 மணி நேரம் பார்த்தாலும் பதினெட்டு ஆண்டு வரும், அதற்குள் மற்ற பாகங்கள் பழசாகிவிடும். சுவரருகே வைக்கும் வகையில் சிக்கல் வேறு. ஒளி மிகச் சாய்வாகத் திரையில் விழுவதால் சுருட்டித் தொங்கவிடும் திரையின் சிறு மடிப்பும் அலையாகத் தெரியும். இறுக்கிக் கட்டிய, அதற்கென்றே செய்த திரை வேண்டும். அந்தத் திரையின் விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். தம்பியின் அறையில் பின்சுவர்த் தட்டே சிக்கனம்.

என் ஊர்ப் பக்கம் இருப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. ஜொகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் விசிறி அதே வேகத்தில் ஓடினாலும் வெப்பம் குறைவாகவே வெளியேறும். பெரும்பாலான புரொஜெக்டர்களின் அமைப்புப் பட்டியலில் ஹை ஆல்டிட்யூட் என்று ஒன்று இருக்கும். 1,500 மீட்டருக்கு மேல் அதை இயக்கச் சொல்லிக் கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். இயக்கினால் இரைச்சல் கூடும், கூடினாலும் இயக்கத்தான் வேண்டும். டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் அதைத் தொட வேண்டாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா:

எல்லோரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். உட்கார்ந்து பார்ப்பவர்களைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஆயாவுக்குத் தமிழ் வசனம் காதில் தெளிவாக விழ வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கோ ஆங்கிலத் துணையெழுத்து இல்லாமல் கதையே புரியாது. இந்த நாட்டில் பல தமிழ்க் குடும்பங்கள் இப்படித்தான். ஆகவே துணையெழுத்து எங்கே விழும் என்று பார்த்துத்தான் திரையை வைக்க வேண்டும். நம் படங்களில் பெரும்பாலானவை அகலத்திரை (2.39:1). 221 செ.மீ. அகலத்தில் அந்தப் படத்தின் உயரம் 92 செ.மீ. அளவே வரும். மேலும் கீழும் 16 செ.மீ. கறுப்புப் பட்டை. எழுத்து அந்தக் கீழ்ப் பட்டையில்தான் பெரும்பாலும் விழுகிறது. அகலத்திரை விகிதத்திலேயே திரையைச் செய்து வாங்கினால் எழுத்து திரைக்கு வெளியே சுவரில் விழும். 16:9 திரையே வாங்குங்கள். கீழ் விளிம்பு தரையிலிருந்து 75 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். முன்னால் பாய் போட்டு உட்காரும் பிள்ளைகளின் தலை எழுத்தை மறைத்தால் படம் முழுக்கச் சண்டைதான்.

ஒலியையும் புரொஜெக்டரில் உள்ள ஒலிபெருக்கிக்கு விட்டுவிடாதீர்கள். பின்சுவரில் இருக்கும் பெட்டியிலிருந்து குரல் வந்தால், எதிரே பேசும் முகத்துக்கும் முதுகுக்குப் பின்னால் கேட்கும் குரலுக்கும் ஒட்டாது. திரைக்குக் கீழே நடுவில் ஒரு ஒலிபெருக்கி அவசியம். ப்ளூடூத் வழியே இணைத்தால் உதடு முன்னும் சொல் பின்னுமாக வரும், வயர் வழியே இணையுங்கள்.

டோங்காட் மின்பணியாளர்:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் கடலோரத்தில் ஈரப்பதம் அதிகம். மாதக்கணக்கில் ஓட்டாமல் பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைத்தால் லென்ஸில் பூஞ்சை படியும். மூடி வைப்பதைவிட வாரம் ஒரு முறையாவது ஓட்டுவது நல்லது. காற்று வெளிவரும் சூடான துளைப் பக்கம் பல்லி குடியேறுவதையும் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் சர்க்யூட் பலகையின் மேல் குறுக்கே படுத்து, பல்லியும் செத்து, பலகையும் போயிற்று.

சாட்ஸ்வொர்த் வாசி:

எல்லாவற்றையும் வைத்துத் திட்டம் போட்டுவிட்டேன். 100 அங்குலம், 16:9, கீழ் விளிம்பு 75 செ.மீ., மேல் விளிம்பு 2 மீட்டருக்குச் சற்றுக் கீழே. சோபா 3.3 மீட்டரில். பின்சுவரில் தட்டு, லென்ஸ் 4.6 மீட்டரில். பெட்டியின் நீளம் 35 செ.மீ. என்பதால் பின்னால் காற்றுக்கு 25 செ.மீ. இருக்கும். இரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன. தட்டை சீலிங்கை ஒட்டி அடித்துவிட்டு, கோணலாக விழும் படத்தைக் கீஸ்டோன் என்ற அமைப்பைக் கொண்டு நேராக்கிக்கொள்ளலாமா? ஸ்ட்ரீமிங் பெட்டியை எங்கே வைப்பது?

லெனேசியா மேட்டுநிலம்:

கீஸ்டோன் வேண்டாம். அது லென்ஸை ஒன்றும் செய்வதில்லை, படத்தை உள்ளேயே சுருக்கிக் கோணலை ஈடுகட்டுகிறது. பலகத்தின் ஓரத்துப் புள்ளிகள் வீணாகும், துணையெழுத்தின் விளிம்பு மழுங்கும். நீங்கள் வாங்கும் பெட்டியில் லென்ஸ் ஷிப்ட் (பெட்டியைச் சாய்க்காமல் லென்ஸை நகர்த்திப் படத்தை நகர்த்தும் வசதி) இருக்கட்டும். பெட்டியைத் தட்டில் இரசமட்டம் வைத்து நேராக நிறுத்தி, லென்ஸ் திரையின் நடுக்கோட்டுக்கு நேரே இருக்குமாறு வைத்து, மேலும் கீழும் நகர்த்துவதை ஷிப்ட் சக்கரத்தால் செய்யுங்கள். அது எவ்வளவு தூரம் நகர்த்தும் என்பதைக் கையேட்டில் பார்த்த பிறகுதான் தட்டின் உயரத்தைக் குறிக்க வேண்டும். தட்டு அடிப்பதற்கு முன் ஒரு ஏணியின் மேல் பெட்டியை வைத்து ஒரு மாலை படம் ஓட்டிப் பாருங்கள். டி.எல்.பி. வகை (நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவது) என்றால் அன்றைக்கே வீட்டார் எல்லோரையும் உட்கார வைத்து, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஓடும் இடத்தில் கண்ணை வேகமாக ஓட்டச் சொல்லுங்கள். சிலருக்கு ஓரத்தில் சிவப்பு, பச்சை, நீலம் சிதறித் தெரியும், அவர்களுக்குத் தலைவலியும் வரும். அப்படி யாராவது இருந்தால் மூன்று பலகம் உள்ள எல்.சி.டி. வகைக்கு மாறிவிடுங்கள். அதில் தூசி வடிகட்டியை அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஸ்ட்ரீமிங் பெட்டி முன்னால், ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஸ்ட்ரீமிங் பெட்டியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு குட்டை எச்.டி.எம்.ஐ. கேபிள், அங்கிருந்து புரொஜெக்டருக்கு ஒரு நீண்ட கேபிள். சுவரோரமாகச் சுற்றி வந்தால் 9 அல்லது 10 மீட்டர் ஆகும். அந்த நீளத்தில் 4கே, 60 பிரேம், எச்.டி.ஆர். மூன்றும் போகச் சாதாரணச் செப்புக் கேபிளை நம்ப முடியாது. ஒளியிழைக் கேபிள் வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு. சோர்ஸ் என்று எழுதிய முனை ஆம்ப்ளிஃபயர் பக்கமும் டிஸ்ப்ளே என்று எழுதிய முனை புரொஜெக்டர் பக்கமும் வர வேண்டும். சுவர்க் குழாய்க்குள் நுழைப்பதற்கு முன் தரையில் விரித்துப் போட்டு, இரு முனையையும் செருகி, படம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். குழாயும் 32 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும், அதற்கும் சிறியதென்றால் கேபிளின் தலை வளைவில் சிக்கிக்கொள்ளும்.